பாசிக்குடாவுக்கு அப்பால், இருட்டில் வளரும் முருகை

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு மசகு எண்ணெய் கொண்டுபோன நியூ டயமண்ட் என்ற கப்பல் அம்பாறை மாவட்டக் கடலில் தீப்பிடித்தது. சங்கமன்கண்டி முனையிலிருந்து ஏறக்குறைய 38 கடல் மைல், அதாவது 70 கிலோமீற்றர் தூரம். உள்ளே 270,000 தொன் எண்ணெய். பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். பல நாள் போராடித் தீயை அணைத்தார்கள். சரக்கு எண்ணெய் தப்பியது. கப்பலின் சொந்த எரிபொருள் ஓரளவு கசிந்தது. அந்த நாட்களில் பேச்செல்லாம் எண்ணெய் கரை ஒதுங்குமா, அறுகம்குடா என்னவாகும், மீன் வாங்கலாமா என்பதிலேயே இருந்தது. நியாயமான பயம்தான். ஆனால் செய்தியோடு செய்தியாக ஒரு எண்ணும் வந்துபோனது: கப்பல் நின்ற இடத்தில் கடலின் ஆழம் 3100 மீற்றர்.

பிதுருதலாகலை மலையின் உயரம் 2524 மீற்றர். அதைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாலும் உச்சிக்கு மேலே அரைக் கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும். கரையிலிருந்து 70 கிலோமீற்றருக்குள் இவ்வளவு ஆழம் என்றால் கடலடி எப்படி விழுகிறது என்று பாருங்கள். வடக்கே பாக்கு நீரிணையில் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றர்கூட ஆழமில்லை. அங்கே கண்டமேடை, அதாவது கரையைத் தொடர்ந்து அதிக ஆழமில்லாமல் நீளும் கடலடி, இந்தியா வரைக்கும் பரந்து கிடக்கிறது. கிழக்கில் அந்த மேடை ஒடுக்கமானது. கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ வள்ளம் தள்ளுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சத் தூரம் போனதும் தூண்டில் கயிறு நிலம் தட்டாது.

மேடை முடிந்து சரிவு தொடங்கும் அந்த விளிம்பில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. முருகை என்றதும் நமக்குப் பாசிக்குடாவும் கல்குடாவும்தான் நினைவுக்கு வரும்: வெயில் படும், கால் எட்டும், கண்ணாடி போட்டுக் குனிந்தால் தெரியும் முருகை. ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்ட முருகை இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 50 மீற்றருக்குக் கீழே வாழ்பவை. அவற்றில் பெரும்பகுதி வெயிலையே அறியாதவை. அவற்றுக்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று கடலடிப் பள்ளத்தாக்கு.

இலங்கையில் இப்படியான பள்ளத்தாக்குகளில் பெயர்பெற்றது நமக்கு வடக்கே, திருகோணமலையில் இருக்கிறது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே அதன் தலை தொடங்கிவிடுகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் ஆழம் இருப்பதால்தான் அங்கே திமிங்கிலங்களைக் கரையோரமாகவே காண முடிகிறது. உலகம் முழுவதும் இப்படி 9,477 பள்ளத்தாக்குகள் இருப்பதாக 2014இல் வந்த ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது.

இவை எப்படி உண்டாகின்றன? ஒரு பங்கு ஆறுகளின் வேலை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே கிடந்தது. இன்று நாம் கரைவலை இழுக்கும் கடலின் அடி அப்போது தரை. ஆறுகள் அதன் மேலாக ஓடி, மேடையின் விளிம்பிலேயே மண்ணைக் கொட்டின. மற்றப் பங்கு, தண்ணீருக்கு அடியிலேயே நடக்கும் சரிவுகளின் வேலை. சேறும் மணலும் கலந்த கனமான தண்ணீர் சரிவில் உருண்டு, போகிற வழியெல்லாம் அறுத்துக்கொண்டு இறங்கும். 1929 நவம்பரில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ஒரு நிலநடுக்கம் வந்தபோது, கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகள் ஒரே நேரத்தில் அறவில்லை. மேலே கிடந்தது முதலில், கீழே கிடந்தது பல மணி நேரம் கழித்து என்று வரிசையாக அறுந்தன. சேற்று வெள்ளம் ஒன்று சரிவில் இறங்கியதன் தடயம் அது என்று விளங்கிக்கொள்ள 1952 வரை ஆனது.

மணல் ஓடுவது பற்றிக் கிழக்கில் இருக்கிறவர்களுக்கு ஒலுவில் ஒன்றே போதும். துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரைக் கட்டியதும் வாய்க்குள் மணல் நிரம்பியது, வடக்குப் பக்கத்தில் கரை அரித்துப் போனது. கரையோரமாக எவ்வளவு மணல் வடக்கு நோக்கி நகர்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இப்படி ஓடும் மணலின் வழியில் ஒரு பள்ளத்தாக்கின் தலை கரையை நெருங்கி வந்தால் மணல் அதற்குள் விழுந்துவிடும். பிறகு கரைக்குத் திரும்பாது. மாரியில் முகத்துவாரம் வெட்டும்போது மட்டக்களப்பு வாவி கடலுக்குள் தள்ளும் கலங்கல் தண்ணீரும் தன் பங்குக்கு மண்ணையும் மக்கிய இலைதழையையும் கொண்டுபோகிறது.

இதில்தான் முருகையின் சங்கதி இருக்கிறது. ஆழத்தில் வெயில் இல்லை. 200 மீற்றருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் கிடையாது, 1000 மீற்றருக்குக் கீழே முழு இருட்டு. பாசிக்குடா முருகைக்கு உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்து ஊட்டுகிறது. ஆழத்து முருகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேலிருந்து விழும் செத்த மிதவையுயிர், மீனின் கழிவு, அவற்றைத் தின்ன வரும் சின்ன இறால் வகைகள், இவற்றைக் குஞ்சங்களை விரித்துத் தானே பிடித்துத் தின்ன வேண்டும். நகர்ந்து போகவும் முடியாது. ஆகவே சாப்பாடு தேடி வர வேண்டும், அதற்கு நீரோட்டம் வேண்டும், ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகாமலிருக்கப் பிடித்துக்கொள்ளக் கல் வேண்டும்.

மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் பள்ளத்தாக்கு. குளத்துத் தண்ணீரை வாய்க்கால் வயலுக்கு ஒடுக்கிக் கொண்டுபோவதுபோல, அகன்ற கடலில் சிதறி விழும் உணவைப் பள்ளத்தாக்கு ஒடுக்கிச் சேர்த்து ஆழத்துக்கு இறக்குகிறது. கடலுக்குள்ளேயே, வெவ்வேறு அடர்த்தியுள்ள நீர்ப்படைகளுக்கு நடுவில் ஓடும் உள்ளலைகள் சுவர்களில் மோதி, அடங்கிய துகள்களை மறுபடியும் கிளப்பிவிடுகின்றன. சுவர் செங்குத்தாக இருப்பதால் சேறு அதில் தங்காது. கல் வெறுமையாக இருக்கும். அயர்லாந்துக்குத் தெற்கே விட்டார்ட் பள்ளத்தாக்கில் தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கியை இறக்கிப் பார்த்தபோது, 1300 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் நெட்டாக நிற்கும் பாறையிலேயே முருகை தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் அடித்தரையில் இதை எதிர்பார்க்கக் கூடாது. சேற்று வெள்ளம் இறங்கும் பாதை அது. வாழ்வெல்லாம் சுவர்களில்தான்.

வங்கக் கடலுக்கு இந்தக் கல் விஷயம் இன்னும் முக்கியம். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்து வந்த மண், வங்கதேசக் கரைக்கு முன்னால் உள்ள ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறியாகப் பரந்திருக்கிறது. நீளம் சுமார் 3000 கிலோமீற்றர். இலங்கையின் கிழக்குப் பக்கமாக அது நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போகிறது. அதாவது நமக்கு நேர் கிழக்கே ஆழத்தில் கிடப்பது பெரும்பாலும் மென்சேறு. முருகையின் குஞ்சு அதில் இறங்கினால் புதைந்துபோகும். கல் வேண்டுமென்றால் தீவின் சரிவுக்குத்தான் வர வேண்டும்.

கல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்புக் கடலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பள்ளத்தாக்கில் இல்லை, கண்டமேடையின் மேல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானியாவின் ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல். 307 பேர் அதோடு போனார்கள். கூட வந்த ஆஸ்திரேலியாவின் வாம்பயர் என்ற போர்க்கப்பலும் அன்றைக்கே மூழ்கியது. ஹெர்மிஸ் இப்போது 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. வெளிச்சம் மங்கத் தொடங்கும் ஆழம் அது. மணல் தரையில் விழுந்த அந்த இரும்பு எண்பது ஆண்டுகளில் கருமுருகையும் சாட்டைபோல நீளும் கம்பி முருகையும் பிடித்து வளரும் இடமாகிவிட்டது. சுற்றிக் கலவாயும் பாரையும். ஒரு போர்க்கல்லறையை இப்படி உதாரணமாக எடுப்பது கொஞ்சம் சங்கடந்தான். ஆனாலும் இந்தக் கடலில் குஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை, பிடிப்பிடத்துக்குத்தான் பஞ்சம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறொன்று கிடையாது.

முருகையோடு கூடவே வாழ்வது கடற்பஞ்சு. அது தாவரமில்லை, விலங்கு. வாயும் வயிறும் இல்லாத, உடம்பெல்லாம் துளையான விலங்கு. தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள பக்டீரியாவை வடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை வெளியே விடும். ஆழத்தில் அதிகம் காணப்படுவது கண்ணாடிப் பஞ்சு எனப்படும் வகை. அதன் எலும்புக்கூடு சிலிக்காவால் ஆனது. சன்னல் கண்ணாடிக்கும் அதுதான் மூலப்பொருள். இந்தச் சிலிக்கா விவரம் சும்மா சொல்லவில்லை, கீழே திரும்பவும் வரும்.

இந்தியப் பெருங்கடல் இந்த உயிர்களுக்குப் புதிதல்ல. 1881இல் பம்பாயில் கட்டிய இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பல் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் இலங்கையைச் சுற்றியும் வலை இழுத்து ஆழத்து உயிர்களை மேலே கொண்டுவந்தது. கப்பலில் மருத்துவராகப் போய், பிற்பாடு கல்கத்தா அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான அல்ஃபிரட் அல்கொக், அதில் கிடைத்த ஆழ்கடற் கல்முருகைகளை 1898இல் விவரித்தார். கண்ணாடிப் பஞ்சுகளை ஜெர்மனியின் ஷுல்ஸ என்ற அறிஞர் எடுத்துக்கொண்டார். அதே ஷுல்ஸதான் மொனோராபிஸ் சுனி என்ற விசித்திரப் பஞ்சுக்கும் பெயரிட்டவர். ஒரே ஒரு கண்ணாடி ஊசி, அதன் நீளம் 3 மீற்றர் வரை போகலாம், சேற்றில் குத்தி நிற்கும். அதைச் சுற்றிப் பஞ்சின் உடம்பு. பின்னாளில் கிழக்குச் சீனக் கடலில் கிடைத்த அப்படியான ஓர் ஊசியின் படைகளை ஆராய்ந்தவர்கள் அதன் வயதை ஏறக்குறைய 11,000 ஆண்டு என்று கணித்தார்கள்.

வயது விஷயத்தில் கருமுருகையும் சளைத்ததல்ல. ஹவாய்க் கடலில் எடுத்த ஒரு கருமுருகைக்குக் கரிமக் காலக்கணிப்பு 4,265 ஆண்டு என்று சொன்னது. 2009இல் வந்த முடிவு அது. அதன் தண்டு ஒரு ஆண்டில் தடிப்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரு கொப்பு முறிந்தால் அது திரும்ப வளர்வதை நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் பார்க்கப் போவதில்லை.

சரி, கிழக்குச் சரிவில் எந்த மாதிரி முருகையை எதிர்பார்க்கலாம்? இங்கேதான் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. நோர்வேயில் 2002இல் கண்டுபிடித்த ரொஸ்ட் திட்டு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளமான கல்முருகைத் திட்டு. அதுபோல் ஒன்று பொத்துவிலுக்கு வெளியே கிடக்கும் என்று கனவு காண்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணம். கல்முருகை தன் கூட்டைக் கட்டுவது அரகோனைற்று என்ற சுண்ணாம்பு வகையால். கடலில் ஒரு ஆழத்துக்குக் கீழே அது கரையத் தொடங்கும். வட அத்திலாந்திக்கில் அந்த எல்லை 2000 மீற்றருக்கும் கீழே. வட இந்தியப் பெருங்கடலில் அது சில நூறு மீற்றரிலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் இங்கே ஆழத்து நீர் பழையது, மக்கும் பொருளால் கரியமிலம் ஏறிப்போனது. அடுத்தது, ஒட்சிசன். வங்கக் கடலின் நடு ஆழத்தில், ஏறக்குறைய நூறு மீற்றரிலிருந்து பல நூறு மீற்றர் வரைக்கும், ஒட்சிசன் மிகக் குறைந்த ஒரு படை கிடக்கிறது. மேலே மழையும் ஆற்று நீரும் சேர்ந்து உவர்ப்புக் குறைந்த ஒரு மூடியைப் போட்டுவிடுவதால் காற்று கீழே இறங்குவதில்லை.

அதனால் ஒன்றுமே இருக்காது என்று அர்த்தமில்லை. அங்கோலாவுக்கு வெளியே ஒட்சிசன் மிகக் குறைந்த தண்ணீரிலும் கல்முருகைத் திட்டுகள் உயிரோடு இருக்கின்றன. உணவு தாராளமாக வருவதால் தாக்குப்பிடிக்கின்றன என்பது விளக்கம். ஆனாலும் என் கணிப்பில் நம் சரிவின் ஆழத்துக்குப் பொருத்தமானவர்கள் சுண்ணாம்பை அதிகம் நம்பாதவர்கள். கருமுருகையின் தண்டு புரதமும் கைற்றினும். விசிறி முருகைகளில் பல கொம்புபோன்ற பொருளால் தண்டு செய்கின்றன. கண்ணாடிப் பஞ்சுக்கோ சுண்ணாம்பே வேண்டாம், சிலிக்கா போதும். அது ஆழத்து நீரில் தாராளமாக இருக்கிறது. ஒரு இனம் எங்கே வாழும் என்பதை அது எதைக் கொண்டு வீடு கட்டுகிறது என்பதே பாதி தீர்மானிக்கிறது.

இவற்றால் மீனுக்கு என்ன லாபம் என்று வாழைச்சேனைத் துறைமுகத்தில் யாரும் கேட்டால் அது சரியான கேள்வி. நட்டு நிற்கும் முருகைக் கொப்பும் பஞ்சும் வெறுஞ்சரிவில் மறைவிடம். ஆழத்து மீன்கள் அதற்குள் ஒதுங்குகின்றன. ஆழத்துப் பூனைச்சுறா வகைகள் சில தங்கள் முட்டைப் பைகளை முருகைக் கொப்புகளில் சுற்றிவிடுகின்றன. அதற்காக முருகை இல்லாவிட்டால் சூரையே வராது என்று சொல்ல முடியாது. சூரை மேலே ஓடும் மீன், அதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. சம்பந்தம் இருப்பது விளிம்பில் பிடிபடும் அடிமீன்களுக்கு.

பாதுகாப்புக்கு வருவோம். நம் சட்டங்கள் முருகையைக் கரையிலிருந்து பார்த்து எழுதியவை. தீவின் கரையோரங்களில் முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலத்தில் அதுதான் அவசரம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், முருகை அகழ்வைத் தடுத்த 1988இன் திருத்தமும் அந்தத் தேவையிலிருந்து வந்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் கரையோர வலயம் கடற்பக்கமாக 2 கிலோமீற்றரோடு முடிகிறது. பாசிக்குடா அதற்குள் அடங்கும். சரிவின் விளிம்பு அடங்காது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உயிரினத்தை எடுப்பதையும் விற்பதையும் தடுக்கலாம், ஒரு இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டும். கல்குடாவுக்கு வடக்கே காயங்கேணியில் 2019இல் அப்படித்தான் செய்தார்கள். அதுவும் கரையோர முருகைதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆழத்து முருகைக்கு இதுவரை கிடைத்த பெரிய காவல் அதை நினைக்காமலே போட்ட சட்டம். 2017இன் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டம் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியைத் தடை செய்தது. அதற்குக் காரணம் வடக்கில் பாக்கு நீரிணையில் நடந்த தகராறு. ஆனால் உலகத்தில் ஆழத்து முருகையை அதிகம் நாசமாக்கியது எது என்று பார்த்தால் அதே மடிதான். நோர்வேயில் தெரிந்த முருகைத் திட்டுகளில் 30 முதல் 50 சதவீதம் வரை மடியால் சேதப்பட்டிருக்கலாம் என்று 2002இல் மதிப்பிட்டார்கள். வடக்கின் மீனவர் போராடி வாங்கிய சட்டம் கிழக்கின் சரிவுக்கும் குடை பிடிக்கிறது. தடையைத் தளர்த்த வேண்டும் என்று யாராவது கேட்கும்போது இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும். அறுந்து போகும் தூண்டில் கயிறும் வலைத் துண்டும் தனிப் பிரச்சினை. அவை முருகையில் சுற்றினால் கழற்ற யாரும் இறங்க முடியாது.

இனி வரக்கூடியது எண்ணெய். 2016இல் கிழக்குக் கடலின் ஜேஎஸ் 5, ஜேஎஸ் 6 என்ற இரு எண்ணெய்த் தேடல் தொகுதிகள் பற்றிப் பிரான்சின் டோட்டால் நிறுவனத்தோடு அரசாங்கம் ஆய்வு உடன்பாடு செய்தது. அது கிணறு தோண்டும் கட்டமல்ல. ஆனால் ஆழத்தில் கிணறு வரும்போது என்ன நடக்கலாம் என்பது தெரிந்த கதை. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்த பிறகு, அங்கிருந்து 11 கிலோமீற்றர் தூரத்தில், 1370 மீற்றர் ஆழத்தில் இருந்த முருகைகள் பழுப்பு நிறக் கசடு மூடி நலிந்து கிடந்தன.

எண்ணெய் தேடக் கூடாது என்பது என் வாதமில்லை; வரிசை மாறக் கூடாது என்பதுதான். நோர்வே 2000களின் நடுப்பகுதியில் மரேயானோ என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் ஒலியலைக் கருவியால் கடலடியை வரைந்தது, பிறகு கமெராவை இறக்கிப் பார்த்தது. எங்கே தோண்டலாம், எங்கே வலை போடலாம் என்ற பேச்சு அந்த வரைபடத்தின் மேல் நடக்கிறது. இலங்கையிலும் 1978 முதல் 1980 வரையும், திரும்ப 2018இலும் நான்சென் ஆய்வுக் கப்பல் வந்து கடலை அளந்து போயிருக்கிறது. அரசாங்கத்தின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவின் ஆய்வாளர்களும் 2018இல் கூடப் போனார்கள். ஒரு தொகுதியைக் குத்தகைக்கு விடும்போது, கம்பனி தன் தேவைக்கு எடுக்கும் கடலடி அளவைத் தரவை நாராவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதலாம். அரசாங்கத்துக்கு அதில் செலவில்லை. அமெரிக்காவில் தோண்டற் சேறு கொட்டும் இடத்துக்கும் ஆழத்து முருகைக்கும் இடையில் 2000 அடி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. விபத்து நடந்தபோது பாதிப்பு 11 கிலோமீற்றர் போனது. நம் சரிவுக்கு எந்தத் தூரம் பொருந்தும் என்று பேரம் பேசவே, முருகை நிற்கும் சுவர்கள் எவை என்று குறித்த வரைபடம் முதலில் கையில் இருக்க வேண்டும்.